அழுத்த வேண்டிய இடம்

1

சேலத்தில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தின் வாசலில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. 'நோயாளியின் வீட்டாருக்கு அக்குபிரஷர் சொல்லித் தரப்படும்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கற்றுக்கொள்ள மனமில்லாத ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். சௌந்தர்யா வந்துவிட்டாள்.

முதல் வரி: 'சபரிநாதனின் எலும்புகளுக்குள் ஆயிரம் எறும்புகள்...'

வேண்டாம். அடுத்தவன் வலியை அலங்கரிக்க வேண்டியதில்லை.

2

சௌந்தர்யாவின் கணவன் சபரிநாதன், திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவன். முதுகுவலிக்கென்று மாத்திரை போட ஆரம்பித்து, அது இல்லாமல் எழுந்திருக்க முடியாதவன் ஆனான். அப்போது வெண்ணந்தூரில் அவளுடைய அப்பா சென்னியப்பன் புற்றுநோயில் படுத்திருந்தார்; பார்த்துக்கொள்ள இருவரும் அங்கேயே தங்கியிருந்தார்கள். வலி தெரியாமலிருக்க அவருக்குக் கொடுத்திருந்த மார்ஃபின் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, அதே நிறத்தில் ஏதோ சத்து மாத்திரையை டப்பாவில் போட்டுவைத்தான்.

"மாத்திரை கேக்க மாட்டேங்குது சாமி" என்று மகளிடம் சொல்லிச் சொல்லிக் கத்தியே செத்துப்போனார் சென்னியப்பன்.

கருமாதி முடிந்ததும் சபரிநாதனே உண்மையைச் சொன்னான். அவனை இந்த மையத்தில் கொண்டுவந்து சேர்த்தவள் சௌந்தர்யாதான். ஏன் என்று எனக்குத் தெரியாது. [மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன்.]

3

மாத்திரை நின்றதும் அவன் கால்கள் இழுத்துக்கொண்டு உதறின. சட்டையெல்லாம் வியர்வை. அக்குபிரஷர் கொடுக்கிற ரிஹானா அவன் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"அக்கா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இந்தச் சதை இருக்குல்ல, இங்க அமுத்துங்க. டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. இது கொஞ்சம் தாங்கிக்கறதுக்கு."

(இடைக்குறிப்பு: படித்துப் பார்த்தேன். சிலருக்கு வலி குறைகிறது என்கிறார்கள். யாரும் அடித்துச் சொல்லவில்லை.)

"நீங்களே அமுத்துங்க. என்ற கை அவரைத் தொடாது" என்றாள் சௌந்தர்யா.

பக்கத்து அறையில் யாரோ வாந்தியெடுக்க, ரிஹானா ஓடினாள்.

"தாங்க முடியலே சௌந்தர்யா. ஒருக்கா புடி."

"எங்கப்பனும் இப்பிடித்தான் கெஞ்சுனாரு."

அவன் கையை இழுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் கேட்கவில்லை.

4

அவள் எழுந்து ஊருக்குப் போக ராசிபுரம் பஸ் ஏறுவதாக ஒரு முடிவு எழுதினேன். கதவுவரை போய் நின்றுகொண்டாள். அழுது அவனைக் கட்டிக்கொள்வதாக இன்னொன்று எழுதினேன். படித்ததும் எனக்கே கூசியது.

நடந்தது இவ்வளவுதான். திரும்பி வந்தாள். தலையணைக்கடியிலிருந்து அவன் கையை உருவி எடுத்தாள். ரிஹானா காட்டிய இடத்தில் அழுத்தினாள், காட்டியதைவிடப் பலமாக. நகம் பதிந்தது.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது."

கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை. கால்களின் உதறல் மெல்ல அடங்கியது.

"எங்கப்பன் கத்தறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"



"அதே ஊட்டுலதான். நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

அவள் விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது. இதற்கு மேல் அதை நான் அசைக்கமாட்டேன். எடுப்பதோ, இன்னும் அழுத்துவதோ, ரிஹானா திரும்பி வருவதற்குள் நீங்களே செய்துகொள்ளுங்கள்.