நான்காவது பின்

நான்கு பின்களில் மூன்று மதியத்துக்குள் வந்துவிட்டன. நான்காவது அசையவில்லை.

லாரி சுருளிராஜனின் பட்டறையில் பின்சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றது. பட்டறை உத்தமபாளையம் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. நான்கு இரும்புக் கம்பங்கள், மேலே தகரம். ஆடிக் காற்றில் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டது.

லாரியின் சட்டத்தையும் கமான் பட்டைகளையும் பிணைக்கும் பின்கள் அவை. கட்டைவிரலைவிடத் தடிமன், ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றையும் சுற்றி, உறைபோல ஒரு வெண்கல புஷ். போன மாதம் எஃப்.சி. தகுதிச் சான்றுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் நெம்புகோலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பின், புஷ் எல்லாம் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். மறு தேதி நாளை காலை பத்து மணி. தவறினால் கம்பம் திராட்சை ஷெட்டில் திங்கட்கிழமை முதல் வேறு வண்டி வைத்துக்கொள்வார்கள். பேசியே வைத்துவிட்டார்கள்.

பீட்டர்ராஜுக்கு ஐம்பத்தைந்து வயது. ஊர் ராயப்பன்பட்டி. பத்தொன்பது வருடமாக இந்த லாரிக்கு அவரே முதலாளி, அவரே டிரைவர். மனைவியின் தம்பி பெனடிக்ட் இதில்தான் ஸ்டீயரிங் பிடிக்கப் பழகினான். இப்போது அவனுக்கு ஐந்து வண்டிகள் ஓடுகின்றன. வண்டியைக் கழித்துவிட்டு என்னிடம் ஓட்ட வாருங்கள் என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறான். மூன்று வருடமாக இவர் பதில் சொல்லவில்லை.

சுருளிராஜன் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பின்னின் தலையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார்.

"ஏப்பா பீட்டரு, இங்கன வா. இதுல கிரீஸ் அடிக்கிற நிப்பிள் எங்க?"

பீட்டர்ராஜ் தவழ்ந்து போனார். "அங்கனதான இருக்கும்."

"இருக்கும். தோண்டி எடுக்கணும்."

பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. கறுப்பு. அதற்கடியில் கறுப்பு. அதற்கடியிலும் கறுப்பு.

"எத்தன கோட்டு?"

"எஃப்.சி.க்கு ஒண்ணுண்ணே. எல்லாரும் அடிக்கிறதுதான."

"எல்லாரும் அடிக்கிறான். நிப்பிளுக்கு மேல ஒரு துணியச் சுத்திட்டு அடிக்கிறான்."

மற்ற மூன்றையும் துணி சுற்றித்தான் அடித்திருந்தார். இது இடது பின்மூலை. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே கை மட்டும்தான் போகும். பார்க்காமல் பிரஷ்ஷை விட்டுத் தடவியிருந்தார்.

"சனிக்கிழம தவறாம கிரீஸ் அடிச்சேண்ணே. நாலுக்கும்."

"அடிச்ச. மூணுக்கு அடிச்ச. இங்கன பெயிண்ட்டுக்கு அடிச்ச."

பீட்டர்ராஜ் கிரீஸ் கன்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மூலையில் கிரீஸ் கன்னின் ஓரமாகப் பிதுங்கி வழியும். உள்ளே நிறைந்துதான் வழிகிறது என்று துடைத்துவிடுவார்.

மூலைக்கு இன்னொரு கேடும் இருந்தது. போகும்போது திராட்சை, வாழை. திரும்பும்போது கொல்லத்திலிருந்து மீன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டை நேராக இதற்கு மேலே இருந்தது. பத்து வருடம் வடிந்தது.

"உப்புத் தண்ணி ஒருபக்கம்னா, வருசா வருசம் கோயில்ல நிப்பாட்டி உங்க சாமியார் வேற தண்ணி தெளிச்சாக" என்றார் சுருளிராஜன். "இரும்பு என்னத்துக்கு ஆகும்?"

"அவுக முன்னாலதாண்ணே தெளிச்சாக. நீ கௌமாரியம்மனக் கும்பிட்டுட்டு ஒரு அடி அடி, பாப்போம்."

"அவளுக்குச் சட்டி எடுத்த கைதான் இது. வலிக்குதுப்பா."

கேஸைப் பற்றவைத்தார்கள். காற்று தீயைச் சாய்த்தது. பீட்டர்ராஜ் ஒரு தகரத்தைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். பெயிண்ட் கொப்புளித்து எரிந்தது. கண் எரிந்தது. பின்னைத் தாங்கும் பிராக்கெட் சிவந்ததும், பீட்டர்ராஜ் குறட்டில் இரும்பு உளியைப் பிடிக்க, சுருளிராஜன் சம்மட்டியால் அடித்தார். பத்து அடி. மறுபடி சூடு. பத்து அடி. டீசல் ஊற்றி ஊறவிட்டார்கள். பிறகு மறுபடி சூடு.

போன் அடித்தது. மனைவி ரீட்டா.

"ஏங்க, வந்திருச்சா?"

"மூணு வந்திருச்சு."

"மூணுன்னு காலைலயே சொன்னீக."

"வரும். வையி."

"தம்பி வந்திருக்கான். சாப்பிடச் சொன்னா, மச்சான் வரட்டும்ங்கறான்."

"அவனச் சாப்பிடச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மூன்றரை மணிக்குச் சம்மட்டியின் சத்தம் மாறியது. இருவருமே அதைக் கேட்டார்கள். சுருளிராஜன் அடிப்பதை நிறுத்தி பீட்டர்ராஜைப் பார்த்தார். பிறகு வேகமாக அடித்தார். பின் ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு நூல். கடைசியில் புகையோடு மண்ணில் விழுந்தது. நடுவில் பாதியாகத் தேய்ந்து, எலும்புபோல் இருந்தது.

"வந்துட்டாருப்பா தொர" என்றார் சுருளிராஜன்.

பீட்டர்ராஜ் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். அடுத்த கடையைப் பார்த்து இரண்டு டீ சொன்னார்.

டீ வந்தது. சுருளிராஜன் எடுத்துக்கொள்ளவில்லை. டார்ச்சை அடித்து, பிராக்கெட்டை ஒட்டிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் எரிந்துபோன இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. ரிவெட்டிலிருந்து கிளம்பிக் கீழ்விளிம்புவரை ஓடியது. அவர் அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது உள்ளே போனது. துருத்தூள் அவர் முகத்தில் கொட்டியது.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

டீ ஆறியது.

"வெல்டிங் வச்சுப் பத்த வச்சிரலாம்ணே."

"எதுல பத்த வைக்கிறது? பத்த வைக்க இரும்பு வேணும்ல."

"மேல ஒரு பிளேட்டு வையி. நான் பெயிண்ட் அடிச்சிர்றேன்."

"அடிச்சிட்டு?"

"நாளைக்கு ஒருநாள் தாங்குனாப் போதும்ணே."

"திங்கக்கெழம குமுளி எறக்கத்துல எது தாங்கும்? பெயிண்ட்டா?"

பீட்டர்ராஜ் கேபினுக்குப் போய்ப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்தார். பாதி இருந்தது. மூடியை நெம்பித் திறந்து, ஒரு குச்சியால் கலக்கினார். அடியில் தங்கியிருந்தது எழும்பி வரும்வரை கலக்கினார். சுருளிராஜன் தடுக்கவில்லை. குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினார்; சோப்புப் போட்டு மறுபடி கழுவினார்.

பீட்டர்ராஜ் பிரஷ்ஷோடு அடியில் போனார். கொஞ்ச நேரம் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு வெளியே வந்தார். பிரஷ் காய்ந்தே இருந்தது. டப்பாவை மூடி, மூடியைக் குதிகாலால் அழுத்தினார்.

"வண்டிய எப்ப எடுக்கணும்ணே?"

"நாளைக்குக் காலைல இன்னொரு வண்டி வருது. இடம் வேணும்."

"சரி."

"தேனில பழைய வண்டி உடைக்கிறவன் இருக்கான். நான் பேசுறேன். காலியாப் போனா மெதுவாப் போயிரும். ஆனா அதுக்கும் உருளணும்ல. பின்ன மாட்டித்தான் ஆகணும்."

"மாட்டுண்ணே."

"பழைய புஷ்ஷு ஒண்ணு கெடக்கு. அதப் போட்டு அனுப்புறேன். புதுச நீ திருப்பிக் குடு, கடைக்காரன் எடுத்துக்குவான்."

"புதுசப் போடுண்ணே."

"எதுக்குப்பா?"

"போடுண்ணே."

சுருளிராஜன் பழைய புஷ்ஷின் மிச்சத்தைத் தட்டி எடுத்தார். கமானின் கண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். புது புஷ்ஷை மரக்கட்டை வைத்து மெல்ல அடித்து இறக்கினார். புதுப் பின்னை விட்டுப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று உருவி, புஷ்ஷைச் சீவினார். மறுபடி விட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை பின் கையாலேயே உள்ளே போனது. உடைக்கப் போகிற வண்டிக்கு இவ்வளவு வேண்டியதில்லை. அதை அவரும் சொல்லவில்லை.

சக்கரங்களை மாட்டினார்கள். கட்டைகளை உருவியதும் லாரி தன் கனத்தில் இறங்கி உட்கார்ந்தது. கிறீச்சிடவில்லை. பீட்டர்ராஜ் பின்பக்கத்தைத் தோளால் தள்ளிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு இடது மூலைக்குக் குனிந்தார். புது நிப்பிளை விரலால் தடவிப் பார்த்து, கன்னின் வாயை அதில் கவ்வவைத்தார். முதல் அழுத்தலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் புஷ்ஷின் இரண்டு பக்கமும் கிரீஸ் வெளியே வந்தது. மஞ்சளாக, சுத்தமாக, வட்டம் போல. நிறைந்தால் அப்படித்தான் வர வேண்டும்.

போன் அடித்தது. பெனடிக்ட். கிரீஸ் கையோடு எடுத்தார்.

"மச்சான், வந்திருச்சா?"

"வந்திருச்சு மாப்ள."

"அப்ப நாளைக்கு எஃப்.சி. ஆயிருமா?"

பீட்டர்ராஜ் லாரியைப் பார்த்தார். பின்விளிம்பில் அவரே எழுதிய மாதாவின் பெயர் இருந்தது.

"உன் வண்டி காலைல எத்தன மணிக்குக் கெளம்புது?" என்று கேட்டார்.