பொய்க்கு ஒரு விரிப்பு

எனக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். அந்த வேலையில் பொய் சொன்னால் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்து நின்று உண்மையைச் சொல்லிவிடும். ஓய்வு பெற்றபின் அந்த ஆபத்து இல்லை என்பதால், நடந்ததைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வதுண்டு. அவ்வளவுதான்.

மகள் கூப்பிட்டாள் என்று ஒரு வருட விசாவில் வெளிநாட்டுக்குப் போனேன். ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி. மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவார்கள். இடையில் அந்த வீட்டில் குரல் உள்ள ஜீவன்கள் இரண்டே: நானும் ஃப்ரிட்ஜும். அது அரை மணிக்கு ஒருதரம் ‘உர்ர்’ என்னும். நான் ‘அதுவும் சரிதான்’ என்பேன். மூன்று வாரத்தில் எங்களுக்குள் பேச்சு தீர்ந்துவிட்டது.

நான்காவது வாரம், துணி துவைத்து மகளை அசத்தலாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துச் சலவை அறைக்குப் போனேன். மருமகனின் வெள்ளைச் சட்டைகள் ஏழு. கூடவே ஒரு சிவப்புத் துண்டு. முக்கால் மணி நேரத்தில் ஏழு சட்டையும் புதுப்பெண்ணின் கன்னம் மாதிரி சிவந்து வெளியே வந்தன.

“அடப்பாவி, குடியைக் கெடுத்தியே!” என்று மெஷினைப் பார்த்துக் கத்தினேன்.

“அதுக்குத் தமிழ் தெரியாது ஐயா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினால் மூன்று பேர். பேசியவர் நாற்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர். புதன்கிழமை அவருக்கு விடுமுறை. பக்கத்தில் ஒரு நர்ஸ். மூன்று பிள்ளைகள், ஐந்து கட்டில்கள், மலைபோல் அழுக்கு. மூன்றாமவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் என்பதால் எல்லாருக்கும் சாவிக்காரர்.

“மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்லப் போறீங்க மாமா?” என்றாள் நர்ஸ். பார்த்த ஐந்தாவது நிமிடமே மாமா ஆகிவிட்டேன்.

“ரோஸ் கலர் இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லிடுவேன்.”

“எந்த டாக்டர்?”

“நீதாம்மா.”

“நான் நர்ஸ்!”

“இப்பதானே பதவி உயர்வு குடுத்தேன்.”

பஸ்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோப்புத் தூள் பாதி கொட்டிவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததற்கு ஒரு மனிதர் சிரித்த சத்தம். அடுத்த புதன் பத்து மணிக்குத் துவைக்கத் துணி இல்லாமலே கூடையோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் எல்லாப் புதனும் அப்படித்தான். மெஷின் துணி சுற்றும், நான் ரீல் சுற்றுவேன். எங்கள் ஸ்டேஷன் வழியாகப் போன ஒரு சரக்கு ரயிலைப் பற்றிச் சொன்னேன். எஞ்சின் கடந்தபோது பிறந்த குழந்தை, கார்டு பெட்டி கடந்தபோது ஸ்லேட்டோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கொசு ஒன்று என் பச்சைக் கொடியைத் தூக்கிக்கொண்டு பறந்ததில் மெயில் வண்டி ஒன்று அனுமதியில்லாமல் புறப்பட்டுவிட்டதையும் சொன்னேன்.

“யோவ் பெரியவரே, ஒரு அளவு வேணாமா?” என்றார் சாவிக்காரர். “இனிமே இங்க ஒரு சட்டம். ஒரு பொய்க்கு ஒரு விரிப்பு மடிக்கணும்.”

விரிப்பு என்றால் சாதாரண விரிப்பு இல்லை. நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மெத்தைக்கு மாட்டுவது. அதை மடிக்க முயல்வது ஜெல்லி மீனுக்குச் சட்டை போடுவது மாதிரி. முதல் மாதம் அதுதான் என்னை மடித்தது. பிறகு சூட்சுமம் பிடிபட்டது: இரண்டு மூலைக்குள் கைவிட்டு, ஒரு மூலையை இன்னொன்றுக்குள் கவிழ்க்க வேண்டும். அப்போதும் எதிர்ப்பக்கம் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆறு மாதத்தில் அந்தக் கட்டடத்திலேயே என்னைப்போல் விரிப்பு மடிக்க ஆள் கிடையாது. இது பொய் இல்லை.

ஐந்தாம் மாதத்தில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு புதன்கிழமை, சும்மா வேடிக்கைக்கு, “நாளைக்கு ஊருக்குப் போறேன்,” என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னேன். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்காரர் ஓடிப்போய் ஒரு கேக் வாங்கி வந்தார். சாவிக்காரர், பேசத் தெரியாத மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கேக் ருசியாக இருந்ததால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த புதன் பத்து மணிக்குக் கூடையோடு போய் நின்றேன்.

அன்றைக்கு ஒன்பது விரிப்பு.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது இதுதான். விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைசிப் புதன் வந்தது. வெள்ளிக்கிழமை விமானம். செவ்வாய் இரவெல்லாம் ஒரே கவலை. இந்த மூன்று பேரிடமும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அதை அவர்கள் நம்ப வேண்டும். என் வாயிலிருந்து வருவதை நம்பும் பிராணி அந்த நாட்டில் ஒன்றுமில்லை. “நான் வேணா வந்து சொல்லட்டுமாப்பா?” என்றாள் மகள். சாட்சி வைத்து விடைபெறுகிற அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்குப் போனேன். மேஜைமேல் விரிப்புகள் வழக்கத்தைவிட உயரமாகக் குவிந்திருந்தன.

“வெள்ளிக்கிழமை கிளம்பறேன்,” என்றேன்.

“புலி வருது,” என்றார் பஸ்காரர்.

டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இருபது வருஷமா டிக்கெட் பாக்கறவன் நான். இது அசல் மாதிரியே இருக்கு. அதான் சந்தேகம்.”

“பொய்,” என்றார் சாவிக்காரர். “ஒண்ணு மடிங்க.”

மடித்தேன். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜோடித்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். ஜோடித்தது ஒன்றும் வரவில்லை.

“நான் வந்த முதல் மாசம் ஃப்ரிட்ஜ்கிட்ட பேசிட்டு இருந்தேன். அதுவும் வாயை மூடிக்கிச்சு. ஒரு வருஷம் இப்படியே போனா பேச்சே மறந்துடும்னு பயந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் நீங்க மூணு பேரும் வந்தீங்க. நான் சொன்னது ஒண்ணையும் நம்பல. ஆனா உக்காந்து கேட்டீங்க, பாருங்க. துணி காஞ்ச பிறகும் கேட்டீங்க. அதுக்கு நான்…”

மெஷினும் அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது.

சாவிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பொய். ரெண்டு மடிங்க.”

எனக்கு நெஞ்சு விண்டுபோயிற்று. எழுபத்தோரு வயதில் முதல்முறையாக அலங்காரம் இல்லாமல் ஒன்று சொன்னேன். அதற்கு இரட்டைத் தண்டனை. ஒரு விரிப்பை எடுத்து உதறினேன். நர்ஸ் மறுமுனையைப் பிடித்தாள்.

உதறியபோதுதான் கவனித்தேன். அது ஈரமும் இல்லை, மெஷினின் சூடும் இல்லை. மடிப்புத் தழும்பு அப்படியே இருந்தது. நாலு மூலையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய தழும்பு, என் கைவேலை. முகர்ந்தேன். அலமாரி வாசனை. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் அப்படித்தான். நான் மடித்துக் கொடுத்து வீட்டு அலமாரிகளில் இருந்ததையெல்லாம் மூன்று பேரும் பிரித்துக் கலைத்துக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள்.

விரிப்பு மடிக்கும்போது இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். மூலைகள் சேர்ந்தபோது நர்ஸின் முகம் பக்கத்தில் இருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது.

“உங்க பொண்ணு போன வாரமே லிஃப்ட்ல சொல்லிட்டா மாமா,” என்றாள் மெல்ல. “கொஞ்சம் மெதுவா மடிங்க. இன்னைக்கு மத்தியான டூட்டிக்கு லீவு போட்டுட்டேன்.”

“எத்தனை இருக்கு?”

“பதினாலு. அதுக்கு மேல எங்க மூணு வீட்டுலயும் இல்ல.”

பஸ்காரர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்தச் சன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான்.

எனக்குத் தொழில் திரும்பிவிட்டது. நிமிர்ந்து நின்று, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: “சரி, உண்மையைச் சொல்லிடறேன். உங்களை விட்டுட்டுப் போறதுல எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.”

“பொய்!” என்றார்கள் மூவரும்.

அன்று பதினான்கையும் மடித்து முடிக்க மாலை நாலு மணி ஆயிற்று. இடையில் சாவிக்காரர் ஒன்றிரண்டை மறுபடி பிரித்துவிட்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு கீழே வந்தால், கட்டட வாசலில் நாற்பதாம் நம்பர் பஸ் நிற்கிறது. அதற்கு அங்கே நிறுத்தமே கிடையாது. உள்ளே முப்பத்திரண்டு பயணிகள். என்னை விமான நிலையம் வரை கொண்டுவிட்டபோது ஒருவர்கூட மணியடிக்கவில்லை. யாரும் நடுவில் இறங்கவில்லை. எல்லாரும் சன்னல் வழியே கையசைத்தார்கள். முன் இருக்கையில் நர்ஸ். அவள் பக்கத்தில் சாவிக்காரர், சாவிக்கொத்தைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு.

ஊருக்குத் திரும்பி வந்ததும் எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன்.

“சும்மா அளக்காதீங்க சார்,” என்றார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“உங்க வீட்டுல எலாஸ்டிக் வச்ச விரிப்பு இருக்கா?” என்று கேட்டேன்.