பழப்புளியால் மினுக்கிய துவக்கு

சரசுவதி பூசை நாளில் கோபப்படக் கூடாது என்றாள் என் மனைவி சஜிதா. சொல்ல அவளுக்கென்ன! நான் துவக்குப் பூட்டி வைக்கிற அலுமாரியைத் திறந்துவிட்டவளே அவள்தானே. வீட்டில் சாவி வைத்திருக்கிறவளுக்கும் துவக்கு உரிமம் இருக்கட்டும் என்று அவளையும் வகுப்புக்கு அனுப்பிய என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

புவாண்ட்-கிளேரில் காப்புறுதிக் கம்பனி வேலையை முடித்து, வில்லரேயிலிருக்கும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்கிறேன். சாமிப் படங்களுக்கு முன்னால், பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் சஜிதாவின் மடிக்கணினிக்கும் நடுவே, அந்தத் துவக்கு, பழைய நீளத் துப்பாக்கி. உடம்பு முழுக்கத் திருநீறு, சந்தனம், குங்குமம். அதைக்கூடத் துடைத்துவிடலாம். ஆனால் அது பளபளத்தது.

"பாத்தீரே மச்சான், என்ன மினுக்கம் எண்டு!" என்றார் இரவிச்சந்திரன். சஜிதாவின் தமையன், பூசைக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். "குத்துவிளக்குத் தேய்ச்ச பழப்புளி மிஞ்சிக் கிடந்தது. உம்மட தொழில் சாமானையும் தேய்ச்சு வைப்பம் எண்டு பாத்தன். கட்டையிலதான் ஒரே ஊத்தை. சட்டி தேய்க்கிற கம்பித் தும்பு போட்டுத்தான் போச்சுது."

ஊத்தையாம்! பழைய துவக்குகளைச் சேர்ப்பதும் அவற்றுக்கு விலை மதிப்பதும் இருபது வருடமாக நான் செய்கிற காரியம். இது சுவீடனில் செய்த மௌசர். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை. இங்கே இறக்குமதியான காலத்தில் இந்த வகையை வாங்கியவர்கள் வேட்டைக்குப் பாரமென்று மரக்கட்டையை வெட்டி, குழலைக் குறுக்கி நாசமாக்கினார்கள். வெட்டுப்படாமல் என் கைக்கு வந்தது இது ஒன்றுதான். இரும்பின் பழைய கருநீலமும், கட்டையில் கன்னம் வைத்து வைத்துக் கறுத்த இடமும்தான் இதன் மதிப்பே. கருநீலத்தைப் புளி தின்றுவிட்டது. கறுப்பைக் கம்பித் தும்பு சுரண்டிவிட்டது.

"உங்களுக்கென்ன விசரே? ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்? இது என்ர துவக்கில்லை, இன்னொரு மனுசியின்ர!"

"அண்ணை நல்லதுக்குத்தானே செய்தவர். ஏனப்பா இப்பிடிக் கத்துறீங்கள்?" என்றாள் சஜிதா.

"மினுக்கினா விலை கூடும்தானே. அந்தக் கிழவிக்கு என்ன விளங்கப் போகுது? பேசாமல் கொண்டுபோய்க் குடும்," என்றார் அவர், கையில் அவல் கிண்ணத்தோடு. அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிடாமல் நின்றதற்கே எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

அந்தக் கிழவி அக்னெஸ். இதே நகரில் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் தனியாக இருக்கிறார். துவக்கு அவருடைய இறந்துபோன புருசனுடையது. கோடையில் மதிப்புப் போட நான் அங்கே போயிருந்தபோது, மகன் மார்த்தென் எண்ணெய்ப் போத்தலும் துணியுமாக வந்து, அப்பாவின் துவக்கைத் துடைக்கப் போகிறேன் என்று உட்கார்ந்தான். நான் பாய்ந்து பறித்தேன். "தொடாதே! இதன் அருமை தெரியாத நீயெல்லாம் ஒரு மகனா?" என்று கத்தினேன். அக்னெஸ் என் பக்கம் நின்றார். "விஷயம் தெரிந்தவர் சொல்கிறார், நீ வெளியே போ," என்றார் அவனிடம். அவன் துணியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தாயின் வாசலை மிதிக்கவில்லை, போனில் அழைக்கவுமில்லை. அவனிடம் வீட்டுச் சாவி இருக்கிறது, வந்து கெடுத்துவிடுவான் என்று அக்னெசைப் பயங்காட்டி, துவக்கை என் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி வைத்தவனும் நான்தான்.

மறுநாள் காலை துவக்கைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு போனேன். கூட வருகிறேன் என்று காரில் ஏறிய இரவிச்சந்திரனோடு வழி முழுக்கச் சண்டை. அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் மணியை அடித்தேன்.

"மதிப்பு முடிந்துவிட்டதா, முசியே வசீகரன்?" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார் அக்னெஸ்.

நான் பெட்டியைத் திறந்தேன். அவர் துவக்கைத் தூக்கி, கட்டையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு வெளுத்த இடத்தை விரலால் தடவினார். சிரிப்புப் போய்விட்டது.

"யார் செய்தது?"

"என் மைத்துனர். தெரியாமல் செய்துவிட்டார். நான் வீட்டில் இருக்கவில்லை. நட்டத்தை நானே..."

"பேசாதே!" அந்தச் சிறிய உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. "என் மகன் துடைத்திருந்தால், அது தகப்பனுக்குப் பிள்ளை செய்ததாக இருந்திருக்கும். கெட்டுப்போனாலும் அவன் கையால் கெட்டிருக்கும். உன் பேச்சை நம்பி என் பிள்ளையைத் துரத்தினேன். உன் வீட்டில் யாரோ ஒருவன் சட்டி தேய்க்கிற மாதிரித் தேய்த்திருக்கிறான்!"

காரில் இருந்த மனுசனைத் திட்ட வைத்திருந்த சொல்லெல்லாம் திரும்பி என் தலையிலேயே விழுந்தது.

அவர் தன் போனில் ஓர் இலக்கத்தை அழுத்தி என் கையில் திணித்தார். "நான் அழைத்தால் அவன் எடுக்க மாட்டான் என்று இத்தனை நாளும் அழைக்கவில்லை. எடுத்தால் நீயே சொல். அன்றைக்கு அவ்வளவு கத்தினாயே, இப்போது சொல்!"

எடுக்கக் கூடாது என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா?" என்றான். அந்தக் குரலில் அவ்வளவு ஆசை.

"நான் வசீகரன். துவக்கு மதிப்பு..."

"அம்மாவின் போன் உன்னிடம் ஏன் இருக்கிறது? அம்மாவுக்கு என்ன?" அலறிவிட்டான்.

"அம்மாவுக்கு ஒன்றுமில்லை. துவக்குத்தான். என் வீட்டில் வைத்து அது..."

"துவக்கு எக்கேடாவது கெட்டுப் போகட்டும், மடையா! அம்மாவிடம் கொடு!"

அந்தச் சத்தம் அக்னெசுக்கும் கேட்டது. வெட்டுப்படாத அந்த மௌசரை, விறகுக்கட்டையைப் போடுவது போல நிலத்தில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"மார்த்தென்," என்றார். அழுதார். அவனும் அழுவது எனக்குக் கேட்டது.

என்னை யாரும் பார்க்கவில்லை. விழுந்த வேகத்தில் கட்டை நீளத்துக்குப் பிளந்திருந்தது. இந்த இழவுக்கா ஒரு தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்தேன் என்று என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவக்கைக் காலால் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.