உடைசல் டப்பா

விடிகாலை ஐந்து மணிக்கு, மசாலா டிரம்மில் இரண்டாம் தடவையும் உப்பைக் கொட்டினான் ஆசைத்தம்பி. அரியக்குடி ரோட்டு நொறுக்குத்தீனிக் கம்பெனியில் இருபது வருட அடுப்புக்காரன். கை தானாக வேலை செய்யும் என்று பீற்றிக்கொள்வான். அன்று தானாகத்தான் செய்தது. புத்தி ஆஸ்பத்திரியில், பெண்டாட்டி காவலிருக்கும் மகள் சிந்துவின் கட்டிலோரம் கிடந்தது.

பாமாயில் ஆவியில் கண் எரிய அரித்தெடுத்த வறுவல் முழுதும் அந்த மசாலாவில் புரண்டபிறகுதான் பாக்கெட் போடும் பொன்னுத்தாயி ஒன்றை வாயில் போட்டுத் துப்பினாள்.

"கடலக் குடிச்ச மாதிரி இருக்கு தம்பி."

"ராமேஸ்வரம் போற செலவு மிச்சம்க்கா."

அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

சிந்து பிளஸ் ஒன். சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்கிற பிள்ளைக்குப் பசிக்காது போலும். அப்பனும் ஆத்தாளும் நாலு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டால் யார் உலை வைப்பது? கம்பெனியில் சும்மா கொடுக்கும் உடைசல் வறுவலைத்தான் தினமும் டப்பாவில் கொண்டுபோனாள். 'மகாராணிக்கு விருந்து' என்று இவனே அடைத்துக் கொடுப்பான். திங்கட்கிழமை பிரேயரில் சுருண்டு விழுந்தாள். ரத்தம் ஆறு பாயிண்ட்தான் இருக்கிறது என்றார் டாக்டர். மத்தியானம் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டதற்கு, அப்பன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "சோறுதான் டாக்டர்" என்றாள்.

ஆறரைக்கு முதலாளி வயிரவன் வந்தார். ஒரு வறுவலைக் கடித்து முகம் சுளித்தார்.

"கடைக்கு ஆகாது. ஆளுக்கு ரெண்டு கிலோ வீட்டுக்குக் கொண்டுபோங்க. பிள்ளைக திங்கட்டும்."

"முதலாளி, இனிமே ஏழு மணிக்கு வாரோம். பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டு வாரோம்" என்றான் ஆசைத்தம்பி.

"பள்ளிக்கூட வாசக் கடைகளுக்கு எட்டு மணிக்குச் சரக்குப் போகணும். உன் சோத்துக்காகப் பள்ளிக்கூடத்தத் தள்ளி வைப்பாகளா?"

"உங்க பேத்தி டப்பாவுல நம்ம சரக்குப் போகுதா முதலாளி?"

வயிரவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேலையப் பாருப்பா." சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார்.

ஆசைத்தம்பி பாக்கெட் போடும் பெண்கள் பக்கம் திரும்பினான். "நாளைக்கு ஏழு மணிக்கு வருவமா?"

"அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்தாள் அவர்களில் சின்னவளான கீர்த்தி. இருபது வருடம் கோமாளித்தனம் பண்ணினவன் கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

"வெளாட்டு இல்லத்தா. எம்புள்ள என்னயக் காப்பாத்தப் பொய் சொல்லுச்சு."

கீர்த்தி சிரிப்பை நிறுத்தினாள். தன் பங்கு ரெண்டு கிலோ வறுவலைப் பையில் அள்ளிக் கொண்டுபோய் ஆபீஸ் அறை வாசலில் வைத்தாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். பதினோரு பைகள் குவிந்தன. பொன்னுத்தாயி மட்டும் அசையவில்லை.

"நீங்க என்னக்கா சொல்றீக?"

அவள் கையிலிருந்த மசாலாவை உதறிவிட்டு, பன்னிரண்டாவது பையைத் தூக்கினாள்.

"நாலு மணிக்கு வரமாட்டேன் தம்பி. எம்பேரனுக்குச் சோறு வடிச்சுக் குடுத்துட்டு ஏழு மணிக்கு வாரேன். கேட்டப் பூட்டியிருந்தா வாசல்லயே உக்காருவேன். எந்திரிக்க மாட்டேன்."