ஒன்பது குழி

கண்காட்சியின் முதல் மேசையில், பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பூ இருந்தது. பூ மூக்குத்தி அளவு. கீழே என் பெயர் வெற்றிலை அளவு. 'கண்டுபிடித்தவர்: எஸ். ஞானசீலன், பி.ஏ., எல்.டி.' காரியாபட்டிக்குக் கிழக்கே சுண்ணாம்புப் பாறைகளில் மூன்று வருடம் அலைந்து தேடியதாக விருதுநகர்ப் பெரியமனிதர்கள் முன்னால் முழங்கினேன். மூன்று வருடமாக நான் தேடியது தலைமையாசிரியர் நாற்காலியைத்தான்.

பூவைக் காட்டியவள் பேச்சியம்மாள். கல்குழியில், பாறைமேல் கிடக்கும் நாலு விரல் மண்ணைச் சுரண்டி அள்ளுவது அவள் வேலை; மண் போனால்தான் சுண்ணாம்புக்கல் வெட்ட முடியும். இரண்டு மழைக்காலமாக ஒரு பாய் அகலத்தை மட்டும் சுரண்டாமல் விட்டு, கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கேதான் அந்த ஊதாப்பூ. மொத்தம் ஒன்பது செடி. "வேற எங்கயும் இல்ல சார்" என்றாள். அந்த வார்த்தையில் என் விஞ்ஞான மனம் விழித்துக்கொண்டது. ஞாயிறு குழிக்கு விடுமுறை. ஆராதனைக்கு மட்டம் போட்டு, உளியோடு போய் ஒன்பதையும் வேரோடு பெயர்த்தேன். மதுரைக் கல்லூரிக்கு ஒன்று, சென்னை மியூசியத்துக்கு ஒன்று, கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்கு ஒன்று. மற்றவை, தபாலில் தொலைந்தால் இருக்கட்டும் என்று.

கண்காட்சிக்கு அவளும் வந்தாள். சட்டத்தின் முன் வெகுநேரம் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த மட்டில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

"ரொம்ப வாடிப்போச்சே சார். அங்கன வேரு மிச்சம் வச்சிருக்கீகள்ல?"

பக்கத்தில் தாளாளர் நின்றார்.

"வச்சிருக்கேன். மழை பெஞ்சா முளைக்கும்" என்றேன்.

"படிச்சவுகளுக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து, மனசு கேட்காமல் குழிக்குப் போனேன். சுற்றிலும் பாறை எலும்பாக வெளுத்துக் கிடந்தது. நடுவில் அந்தப் பாய் அகல மண் மட்டும், உடைமுள் வேலியோடு. கங்காணி சோணைமுத்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஏளா, பூ இருந்தப்பவாச்சும் சரி. வெறும் மண்ணுக்கு என்ன காவல்? இன்னைக்குச் சுரண்டலேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"உள்ள வேரு கெடக்கு அண்ணாச்சி. சார் சொன்னாக. இந்தா, அவுகளே வந்துட்டாக, கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் முக்கால் மணி நேரம் முழங்கிய நான் வேலிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"முளைக்கும்ல சார்?"

முள்வேலிக்குள், என் உளி அகலத்தில், ஒன்பது குழி. அவள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்க் கலயம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. குழிகள் ஒன்பதிலும் ஈரம்.