நாற்பது பக்கம் வாசலில் நின்றவள்

"அக்கா, அந்தச் சலவைக்காரம்மாவுக்குக் கதவைத் திறந்துட்டாங்க."

நூலகத்தின் பழைய இதழ்ப் பிரிவில் வேலை பார்க்கும் மியாவ் மூச்சிரைக்க வந்து நின்றாள். தலைமுடியெங்கும் சாலையோரப் பிளேன் மரங்கள் உதிர்க்கும் பஞ்சு. தேர்வாளர்களின் பெயர் அட்டைகளை மேசையில் நிறுத்திக்கொண்டிருந்த ருவோலானின் கை அப்படியே நின்றது. பத்து மணிக்கு அவளுடைய முதுகலை ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு. இப்போது ஒன்பதே கால்.

சலவைக்காரம்மா ஒரு கதையில் வருகிறவள்; எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஷாங்காய் இதழ் ஒன்றில் வந்த கதை அது. எசமானியின் பட்டு அங்கியை இஸ்திரியில் தீய்த்துவிட்ட சலவைக்காரி, அதைச் சொல்லிவிட மழையில் நடந்து வருகிறாள். கதவைத் தட்டக் கை தூக்குகிறாள். கணினியில் இருந்த நகல் அங்கே முடிந்தது. முடிவை மறுக்கும் எழுத்து என்று பிரெஞ்சுக் கோட்பாடுகளையெல்லாம் துணைக்கழைத்து ருவோலான் நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். ஆய்வேட்டின் உயிரே அந்த மூன்றாம் அத்தியாயம்தான். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளராக வரும் பேராசிரியர் யான் அதைத்தான் பாராட்டி எழுதியிருந்தார்.

என்றோ நூலகத்தில் பழைய இதழ்க் கட்டுகளுக்காகக் காத்திருந்த நேரத்தில் இந்தக் கதையை மியாவிடம் சொன்னது ருவோலானுக்கு மறந்தே போயிருந்தது. மியாவுக்கு மறக்கவில்லை. அந்த அம்மா என்ன ஆனாளோ என்ற கவலையில், மதிய இடைவேளைகளில் மூல இதழை ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருக்கிறாள். கடைசித் தாளில், பல்பொடி விளம்பரத்துக்கு மேலே, கதைப் பக்கத்தில் இடமில்லாமல் அங்கே தள்ளிய மிச்சப் பதினோரு வரிகள். விளம்பரப் பக்கம்தானே என்று நகல் எடுத்தவர்கள் விட்டுவிட்டிருக்கிறார்கள்.

மியாவ் நீட்டிய நகல் தாளை ருவோலான் படித்தாள். எசமானி கதவைத் திறக்கிறாள். அங்கியைப் பார்க்கக்கூட இல்லை. 'நனைஞ்சுட்டியே, முதல்ல உள்ள வா' என்கிறாள்.

"சந்தோஷம்தானே அக்கா?" என்றாள் மியாவ். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப," என்றாள் ருவோலான். கை தானாக ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டியது.

மியாவ் போனதும், தேர்வாளர்களுக்கு வைக்க மஞ்சள் லோக்காட் பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்த அறைத்தோழி ஷியாவ்மான் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பாவம்டி. நாப்பது பக்கமா அந்தம்மாவ மழையில நிக்க வெச்சிருந்திருக்க."

"சிரிக்காத. தேர்வத் தள்ளி வெச்சாங்கன்னா ஆறு மாசம். சுஜோ ஊர் ஸ்கூல்ல கிடைச்சிருக்கிற வேலையும் போயிடும்."

"அப்ப சொல்லாத. யாரு பல்பொடி விளம்பரத்தத் தேடிப் போகப்போறா? பட்டத்த வாங்கு, அப்புறம் தனிக் கட்டுரையா எழுதிக்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பதினோரு வரிக்காகச் சாப்பாட்டு வேளைகளைக் கொடுத்தவளின் சிரிப்பு கண்ணை விட்டு அகலவில்லை. தாளை மடித்து வைத்தால் அந்த அம்மாவை மறுபடி வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதாகும். அதற்கு அவளுக்குக் கை வரவில்லை. சுஜோ வேலைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தேர்வாளர்கள் ஐவருக்கும் பிரதி எடுக்க நகலகத்துக்கு ஓடினாள். வாசலில் நீண்ட வரிசை. அது நகர்வதற்குள் பத்து மணி நெருங்கிவிட, கையிலிருந்த ஒரே தாளோடு திரும்பி ஓடி வந்தாள்.

பத்து மணிக்குத் தேர்வாளர்கள் முன் எழுந்து நின்றாள். "மூன்றாம் அத்தியாயம் தப்பு. கதை அங்க முடியல. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சது. கண்டுபிடிச்சது நானும் இல்ல, நூலகத்துல மியாவ்." தாளைப் பேராசிரியர் யானிடம் நீட்டினாள்.

யான் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

"இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம் மேடம்."

யான் தாளை மேசை நடுவில் விரித்து வைத்தார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அடுத்தவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். குறிப்பெழுதும் செயலாளர் தட்டச்சை நிறுத்திவிட்டு அவர்கள் பின்னால் வந்து நின்றார். மதிப்பெண்ணை முடிவுசெய்ய மாணவியை வெளியே அனுப்ப வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ஒரே தாளின் மேல் ஆறு தலைகள் கவிந்திருந்தன. யாரோ ஒருவர் மெல்லிய குரலில் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.