முகம் பார்க்காத சண்டை

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். சண்டைக்கு முன் தங்கைக்குக் கைக்கட்டு போடும்போதுகூட நோயாளிக்குப் போடுகிற மாதிரிதான் போடுவாள்: அதட்டி, இறுக்கி, பாவமே பார்க்காமல்.

“விரலை விரி. இன்னும் விரி. என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி மடக்கி மடக்கி வைக்கிற?”

“வலிக்குதுக்கா.”

“இப்ப வலிக்கட்டும். மேடையில எலும்பு நகந்துச்சுன்னா அப்புறம் நான்தான் உக்காந்து உனக்கு ஊட்டி விடணும்.”

உடை மாற்றும் அறை என்று பெயர்தானே தவிர, அது விளையாட்டரங்கத்தின் சாமான் அறை. கிழிந்த வலைகள், காற்றுப் போன பந்துகள், மூலையில் ஒரு உடைந்த எடை பார்க்கும் மெஷின். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அரங்கத்தில் கூட்டம் ஏற்கெனவே கத்த ஆரம்பித்துவிட்டது, சுவர் அதிர்ந்தது.

தங்கைக்கு ஊர் வைத்த பெயர் ஆந்தை. பிறந்தபோதே முகத்தில் பாதி கண்தான். தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் உள்ளங்கையைக் குவித்து ஊ... ஊ... என்று ஊதுவார்கள். காலையில் அவள் எதிரே வந்துவிட்டால் சித்தி ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிப் போவாள். பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலையில் சேர்ந்த பிறகும், லோடு கவிழ்ந்தால் டிரைவர்கள் முதலில் அவளைத்தான் பார்ப்பார்கள். அவள் முழித்த முழிதான் காரணமாம்!

குத்துச்சண்டை மேடையில் மட்டும் கதை தலைகீழ். அங்கே அந்தக் கண்ணுக்குக் கைதட்டினார்கள்.

ஏன் என்றால், அவளிடம் இருந்த ஒரே வித்தை அதுதான். கையில் பலம் சுமார். கால் வேகம் அதைவிடச் சுமார். ஆனால் அந்தப் பெரிய கண் இரண்டும் சட்டென்று வலது பக்கம் போகும், தலையும் கூடவே திரும்பும். எதிரில் நிற்பவள் ஆகா, வலது கை வருகிறது என்று நம்பித் தடுக்கப் போவாள். குத்து இடது கையிலிருந்து வந்து தாடையில் இறங்கும். எத்தனை பேர் விழுந்தார்கள் தெரியுமா! விழுந்தவர்களுக்கே எப்படி விழுந்தோம் என்று தெரியாது.

ஆனால் கடைசி இரண்டு சண்டையும் தோல்வி. தேர்வுக் குழுவில் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: இன்றைக்கு ஜெயித்தால் சம்பளத்தோடு அணியில் இடம், தோற்றால் இனிமேல் கூப்பிடவே மாட்டோம். அப்படியென்றால் மறுபடி கிடங்கு, பெட்டி, டிரைவர்களின் பார்வை. அவ்வளவுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். அக்காவின் புருஷன், போன் ரிப்பேர் கடைக்காரர், இவளுடைய விளம்பர மந்திரி என்று தனக்குத் தானே பதவி கொடுத்துக்கொண்டவர். கை நிறைய அட்டை முகமூடிகள். எல்லாம் ஆந்தை முகம்.

“மச்சினி! வெளிய வந்து பாரு. பாதிக் கூட்டம் உன் மூஞ்சியோடதான் உக்காந்திருக்கு!”

“எல்லாரும் என்ன மாதிரியா? பாவம் மாமா அவங்க.”

“சிரிக்காத. ஆந்தைன்னா உலகம் பூரா அறிவு. புத்தகக் கடை போர்டுல பாரு, குழந்தைங்க கார்ட்டூன்ல பாரு, கண்ணாடி மாட்டிக்கிட்டு வாத்தியார் மாதிரி உக்காந்திருக்கும்.”

“நம்ம வீட்டுல ஆந்தைன்னா சாவு,” என்றாள் அக்கா, கட்டின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்தபடி. “எங்க சித்தி கிட்ட போய் உங்க கார்ட்டூனைக் காட்டுங்க.”

“அதத்தான் சொல்ல வந்தேன்!” மாமா குரலைத் தாழ்த்தினார். “கசாப்பு இருக்காளே, அவங்கப்பா கடைக்குக் கறி வாங்கப் போயிருந்தேன். மனுஷன் வாயாடி. பேச்சுவாக்குல எல்லாத்தையும் கொட்டிட்டாரு. அந்தப் பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரியில செத்தப்ப ஜன்னல்ல ஆந்தை கத்திக்கிட்டே இருந்துச்சாம். அன்னையிலருந்து ஆந்தை பொம்மையக் கண்டாக்கூட வேற ரோட்டுல போவாளாம்.”

கசாப்பு என்பதுதான் இன்றைய எதிராளி. அப்பாவின் கறிக்கடையில் எலும்பு வெட்டுகிறவள். வெட்டி வெட்டியே தோள் இரண்டும் உருண்டிருக்கும்.

“அதுக்கு?” என்றாள் ஆந்தை.

“மைக்செட்காரன் நம்ம ஆளு. நீ மேடை ஏறும்போது ஆந்தை அலறல் போடச் சொல்லிட்டேன். ஒவ்வொரு ரவுண்டு முடியும்போதும் போடுவான். அவளுக்குக் கால் ரெண்டும் தந்தியடிக்கும் பாரு!”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “செத்துப்போன அம்மாவ வச்சா விளையாடுவீங்க?”

“சண்டைன்னா சண்டைதானே!”

இருவரும் ஆந்தையைப் பார்த்தார்கள். அவள் கையுறைக்குள் கையை நுழைத்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டாள். பிறகு, “போடட்டும்,” என்றாள்.

அலறல் அரங்கத்தின் கூரையில் மோதித் திரும்பியது. இழுத்து, நடுங்கி, நடுவில் முறிந்து. முகமூடி போட்ட கூட்டம் அதை வாங்கித் திருப்பிக் கூவியது. ஆந்தை கயிற்றுக்குள் குனிந்து ஏறியபோது எதிர் மூலையில் கசாப்பின் முகம் வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

மாமா கீழேயிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

நடுவர் இருவரையும் நடுவில் அழைத்து விதிகளைச் சொன்னார். கசாப்பு நிமிரவே இல்லை. தரையைப் பார்த்தாள், பிறகு ஆந்தையின் நெஞ்சைப் பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். மணி அடித்தது.

ஆந்தை வழக்கம்போல ஆரம்பித்தாள். கண் வலது பக்கம் போனது, தலை திரும்பியது, இடது கை கிளம்பியது. கசாப்பு அசையவே இல்லை. வந்த கையைத் தட்டிவிட்டு வயிற்றில் ஒன்று வைத்தாள். எலும்பு வெட்டுகிற கை. ஆந்தைக்கு மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை.

மறுபடி கண்ணைச் சுழற்றினாள். மறுபடி வயிறு. இடது பக்கம் பார்த்தாள், விலாவில் விழுந்தது. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என்னென்னவோ முழித்தாள். ம்ஹூம். ஒவ்வொரு முழிக்கும் ஒரு குத்து பதிலாக வந்தது. கயிற்றில் சாய்ந்தவளைக் கசாப்பு விடவில்லை. குனிந்த தலையோடு, கட்டையில் போட்டு வெட்டுகிற அதே ஒழுங்கோடு, வயிறு, விலா, வயிறு, விலா. ஒரு குத்து தவறி மேலே ஏறி வாயில் விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் முகவாயில் இறங்கியது.

மணி. ஸ்டூலில் வந்து விழுந்தாள். மேலே ஸ்பீக்கரில் ஆந்தை அலறியது.

“பயந்துட்டா! பாத்தியா, மூஞ்சியவே பாக்கல!” மாமா கயிற்றைப் பிடித்துக் குதித்தார்.

“அதான்யா கெட்டுச்சு!” அக்கா ஐஸ் பையை உதட்டில் அழுத்தியபடி கத்தினாள். “பயந்தவ எங்க பாப்பா? கீழதான் பாப்பா. இவ தோளு அசையறது மட்டும்தான் அவளுக்குத் தெரியுது. கண்ணு எந்தப் பக்கம் சுத்துனா அவளுக்கென்ன? இருந்த ஒரே வித்தையையும் நீங்களே புடுங்கிட்டீங்க!”

மாமா குதிப்பதை விட்டுக் கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

“மாமா,” ஆந்தை ரத்தத்தை வாளியில் துப்பினாள். “அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க.”

மாமா ஓடினார். இவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

சத்தம் நின்றது, ஆனால் கசாப்பு நிமிரவில்லை. இரண்டாவது ரவுண்டில் அவள் இன்னும் மோசமாக வந்தாள். அடிக்க வருகிறவள் மாதிரியே இல்லை. ஏதோ தன்மேல் பாயப் போகிறது, அதற்குள் அதைக் கொன்றுவிட வேண்டும் என்கிற மாதிரி வந்தாள். ஆந்தை குனிய, அவள் முட்ட, இரண்டு தலையும் மோதின. கசாப்பின் புருவம் பிளந்தது. ரத்தம் அவள் கண்ணிலும் கன்னத்திலும் வழிந்து இருவர் கையுறைகளிலும் பூசிக்கொண்டது. நடுவரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. கூட்டம் எழுந்து நின்றது.

ஆந்தை அவளைக் கட்டிப் பிடித்தாள். வழுக்கியது.

“மேல பாருடி,” என்றாள் காதருகே. பல்லுறை வழியாக வார்த்தை கொழகொழவென்று வந்தது. “சும்மா ஒரு தடவ பாரு. நான் வெறும் மனுஷிதான்.”

“மாட்டேன்.”

“ஏன்டி?”

“பாத்தா செத்துருவேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, கட்டிப் பிடித்திருந்த கையில் தெரிந்தது. நடுவர் பிரித்துவிட்டார். பிரித்த அடுத்த நொடி கசாப்பின் இடது கை ஆந்தையின் வலது விலாவில் இறங்கியது. ஆந்தைக்கு உள்ளே ஏதோ காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது. முதலில் ஒன்றுமே ஆகவில்லை. பிறகு கால் தானாக மடிந்தது. மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, தன் எச்சிலும் ரத்தமும் தன் மூக்கின் கீழே குளம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் எண்ணுவது எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்டது. எப்படியோ எழுந்தாள். எழுந்ததும் மணி காப்பாற்றியது.

அக்கா விரலால் விலாவைத் தொட்டாள். ஆந்தை துள்ளினாள்.

“போச்சு. ஒடஞ்சிருச்சு. துண்டை எறியறேன், சண்டை இதோட நிக்கட்டும்.”

“எறிஞ்சா உன்ன அக்கான்னே கூப்பிட மாட்டேன்.”

“கூப்பிடாத. உசுரோட இருந்து கூப்பிடாம இரு.”

“அக்கா, ஒரே ஒரு ரவுண்டு. எறியாத. நான் அந்தக் கிடங்குக்குத் திரும்பிப் போக மாட்டேன். சத்தியமா போக மாட்டேன்.”

அக்கா துண்டைக் கையில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எறியவில்லை. தங்கையின் முகத்தில் வாசலினைத் தேய்த்துவிட்டாள்.

கடைசி ரவுண்டு. புள்ளிக் கணக்கில் ஜெயிக்க வழியே இல்லை. விழ வைத்தால்தான் உண்டு. ஆந்தை வித்தையை விட்டுவிட்டுக் கைப் பலத்தை மட்டும் நம்பிச் சண்டை போட்டாள். பிளந்த புருவத்தையே குறி வைத்தாள். குத்தக் குத்தப் பிளவு அகன்றது, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கசாப்பு பின்வாங்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் நெஞ்சைப் பார்த்தபடி, வந்து வந்து அடித்தாள். ஒடிந்த விலாவில் ஒன்று பட்டபோது ஆந்தைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று பட்டால் அக்கா எறிந்துவிடுவாள், தெரியும். கயிற்றோரம் சாய்ந்து, எதிராளியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அவள் வாய் கசாப்பின் காதுக்கு நேராக இருந்தது.

தெருப் பிள்ளைகள் வாயிலிருந்து அந்தக் கூவலை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! தன் வாயால் மட்டும் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. செய்ய வரும் என்றே நினைக்கவில்லை. தொண்டையிலிருந்து தானாக வந்தது. மெதுவாக, இழுத்து, நடுவில் முறிந்து.

ஊ... ஊஊ...

கசாப்பு விலுக்கென்று விலகித் தலையைத் தூக்கினாள்.

முதல் தடவையாக அவள் கண்ணை ஆந்தை பார்த்தாள். ஒன்று ரத்தத்தில் மூடிக் கிடந்தது. மற்றது சின்னக் கண், பழுப்பு நிறம். கூட்டத்தில் அம்மாவின் கையைத் தவறவிட்ட குழந்தையின் கண் மாதிரி இருந்தது.

ஆந்தையின் கண் வலது பக்கம் போனது. தலை திரும்பியது. கசாப்பு அந்தக் கண்ணையே பின்தொடர்ந்தாள், இடது கையைத் தூக்கினாள். ஆந்தையின் இடது கை வந்து வலது தாடையில் இறங்கியது.

தாடை பக்கவாட்டில் போனது தெரிந்தது. பல்லுறை பறந்து கயிற்றுக்கு வெளியே விழுந்தது. கசாப்பு கையைக்கூட ஊன்றாமல், வெட்டிய மரம் மாதிரிப் பின்னால் சாய்ந்தாள். பின்தலை தரையில் மோதி ஒரு முறை எழும்பி மறுபடி மோதியது. ஒரு கால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

நடுவர் எண்ணவே இல்லை. இரண்டு கையையும் ஆட்டினார். டாக்டர் பையோடு உள்ளே குதித்தார். கூட்டம் முகமூடிகளைத் தூக்கி வீசி, அரங்கம் அதிர, ஊ ஊ என்று கூவியது.

“நிறுத்துங்கடா!” ஆந்தை பல்லுறையைத் துப்பிவிட்டுக் கத்தினாள். “டேய், நிறுத்துங்கடா!” யாருக்கும் கேட்கவில்லை. மாமா மட்டும் கீழே இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா தங்கையைத் தாண்டி ஓடிப்போய் கசாப்பின் தலையை இரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். அது அவள் வேலை.

கால் இழுப்பது நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆந்தை யார் யாரையோ வேண்டிக்கொண்டாள். பிறகு கசாப்பு இருமினாள், கண்ணைத் திறந்தாள். டாக்டர் விரலைக் காட்டிக் கேட்டார், பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள்.

ஆந்தை விலாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

கசாப்பு அவளைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்தாள். இப்போது நேராக முகத்தைப் பார்த்தாள்.

“கடைசியா கத்துனது ஸ்பீக்கர் இல்லல்ல?”

“இல்ல. நான்தான்.”

“எங்கம்மா விஷயம்...” வாய் சரியாக அசையவில்லை, தாடை கோணிக் கிடந்தது. “தெரிஞ்சேதானே கத்துன?”

அக்கா தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“தெரிஞ்சேதான்.”

கசாப்பு மேடை நடுவைக் கண்ணால் காட்டினாள். “சரி, போ. கூப்பிடுறாங்க,” என்றாள்.

நடுவர் தோளைத் தட்டி எழுப்பினார். ஒலிபெருக்கியில் அவள் பெயருக்குப் பதில் ஆந்தை, ஆந்தை என்று அறிவித்தார்கள். நடுவர் அவள் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினார். ஒடிந்த விலா உள்ளே குத்தியது. அவள் தலையைப் பின்னால் தள்ளி அலறினாள். கூட்டம் அதை வெற்றிக் கூச்சல் என்று நினைத்து, இன்னும் பலமாகத் திருப்பிக் கூவியது.